அவ்ரோவுக்கு நான் போட்ட நான்கு மதிப்பெண்

ஜூன் 3, திங்கள்

கோவையிலிருந்து பெட்டி வந்துவிட்டது. கூரியர்காரர் கைபேசியை நீட்டி, திரையில் விரலால் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். அதை உற்றுப் பார்த்துவிட்டுப் பெயரையும் வாயால் சொல்லச் சொன்னார். அருளானந்தம் என்றேன். அந்தக் கண்ணாடித் திரையில் யார் போட்டாலும் கோழி கிளறியதுபோலத்தான் வரும்.

பெட்டியின் மேல் அவ்ரோ விமானத்தின் படம். இரண்டு எஞ்சின், நீள்வட்ட ஜன்னல்கள், இறக்கையின் மேல் ஏறி உட்கார்ந்த எஞ்சின் கூடு. எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. கூடத்து மேசையில் வைத்துவிட்டுத் திறக்காமலே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன, பொண்ணு பாக்க வந்த மாதிரி உக்காந்திருக்கீங்க" என்றாள் மனைவி செசிலி.

எட்டு வருடமாக 'பறக்கும் கட்டைகள்' என்று ஒரு வலைத்தளம் நடத்துகிறேன். பிளாஸ்டிக் கட்டைகளைச் சேர்த்துச் செய்யும் விமான மாடல்களை ஒவ்வொன்றாகக் கட்டிப் பார்த்து மதிப்புரை எழுதுவது வேலை. விமானப் பராமரிப்பு வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்ற அன்று உடன் இருந்தவர்கள் வேடிக்கைக்காக அப்படி ஒரு பெட்டியைக் கொடுத்து, இனிமேல் இதை ரிப்பேர் செய் என்றார்கள். அது வேடிக்கையாக நிற்கவில்லை. இதுவரை அறுபத்து மூன்று விமானங்கள் ஆகிவிட்டன. ஆனால் வாழ்நாளில் நான் அதிகம் தொட்ட விமானத்தை எந்தக் கம்பெனியும் செய்ததில்லை. இப்போது சிட்டு பிளாக்ஸ் என்று புதிதாக முளைத்த ஒரு சின்னக் கம்பெனி செய்திருக்கிறது. மொத்தம் 742 கட்டைகள்.

ஒரே ஒரு குறை. புதுப் பெட்டியைத் திறந்ததும் பிளாஸ்டிக் வாசம் ஒன்று வரும். இதில் எதுவுமே வரவில்லை. மட்டமான சரக்கோ என்னவோ.

செசிலி கொடுத்த காபி அரை டம்ளர்தான் இருந்தது. இப்போதெல்லாம் அப்படித்தான் தருகிறாள். கேட்டால், வேண்டுமானால் இன்னொரு தடவை வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறாள்.

ஜூன் 4, செவ்வாய்

கட்டைகளை நிறம் பார்த்து, அளவு பார்த்துக் கிண்ணங்களில் பிரித்தேன். முன்பெல்லாம் ஒரு மணி நேர வேலை. இன்று மதியச் சாப்பாடு வரை இழுத்தது. எண்ணிக்கை சரியாக இருக்கிறது.

நேற்று எழுதியதை இன்று படிக்கக் கண்ணாடி தேவைப்பட்டது. எழுத்து வர வரச் சின்னதாகிறது. பேனா முனை சரியில்லை. வேறு வாங்க வேண்டும்.

ஜூன் 6, வியாழன்

மூக்குப் பகுதி முடிந்தது. விமானி அறைக் கண்ணாடிகளை நன்றாக யோசித்திருக்கிறார்கள். சரிவான கட்டையைத் தலைகீழாகப் போட்டு அந்த வளைவைக் கொண்டு வந்திருக்கிறார்கள். இந்த வேலை தெரிந்த யாரோ உட்கார்ந்து பண்ணியது.

கட்டிக்கொண்டே இருந்தபோது அந்த எஞ்சின் சத்தம் காதில் கேட்டது. அவ்ரோ ஓடுதளத்துக்குப் போவதற்கு முன் ஒரு கூச்சல் போடும். ஊசியைக் காதில் விடுகிற மாதிரி இருக்கும். விமான நிலைய வேலிக்கு வெளியே படுத்திருக்கும் நாய்கள் எழுந்து ஓடிவிடும். புதிதாகச் சேர்ந்த நாளில் நானும் ஓடலாமா என்று நினைத்தேன். ஆறு மாதத்தில் அந்தக் கூச்சலை வைத்தே இடது எஞ்சினா வலது எஞ்சினா என்று சொல்லப் பழகிவிட்டேன்.

மே மாத மதியங்களில் தார்த்தரை கொதிக்கும். வெயிலில் எஞ்சினுக்குப் பலம் குறையும் என்பதால் புறப்படும்போது தண்ணீரும் எரிசாராயமும் கலந்த ஒரு திரவத்தை உள்ளே விடுவோம். அந்த டின்னைக் காவல் காப்பது ஒரு தனி வேலை. எவனாவது குடித்துவிடுவான் என்று பயம். அது விஷம் என்று மண்டையோடு வரைந்து ஒட்டியிருந்தோம்.

அந்த நாட்களில்தான் செசிலி அறிவிப்பு அறைக்கு வேலைக்கு வந்தாள். ஒலிபெருக்கியில் அவள் குரலைக் கேட்டு ஒரு மாதம் கழித்துத்தான் முகத்தைப் பார்த்தேன். "சென்னை செல்லும் பயணிகள்" என்று அவள் ஆரம்பித்தால், விமானத்தின் வயிற்றுக்கடியில் படுத்துக்கொண்டே ஸ்பேனரை நிறுத்திவிட்டுக் கேட்பேன். இன்று அதைச் சொன்னேன். நாற்பது வருடம் கழித்துச் சொல்ல வேண்டிய விஷயமா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அடுப்படியில் சிரித்துக்கொண்டிருந்தது தெரிந்தது.

ஜூன் 9, ஞாயிறு

எஞ்சின் கூடு. மூன்று மணி நேரம். சின்ன வட்டக் கட்டைகள் நிற்கவே மாட்டேன் என்கின்றன. வைத்து அழுத்தினால் உட்காருவதுபோல் இருக்கிறது. அடுத்ததை வைக்கும்போது முந்தையது கழன்று விழுகிறது. பிடிப்பு இல்லை. அச்சு வார்க்கும்போது அளவு தப்பியிருக்கிறது.

ஜூன் 10, திங்கள்

வங்கியில் கொடுத்த படிவம் திரும்பி வந்தது. கையெழுத்து ஒத்துப்போகவில்லையாம். புதிதாக வந்திருக்கும் பையன். மூன்று தடவை போடச் சொன்னான்.

ஜூன் 12, புதன்

நேற்று முதல் விமானங்களெல்லாம் விமான நிலையத்தின் புதுக் கட்டடத்துக்கு வந்து போகின்றன என்று செய்தித்தாளில் படம் போட்டிருந்தார்கள். கோயில் கோபுரம் மாதிரி முகப்பு. அழகாகத்தான் இருக்கிறது. பழைய கட்டடத்தில் நாங்கள் டீ குடித்த ஜன்னலை யார் நினைத்துக்கொள்ளப் போகிறார்கள்.

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்து இடது இறக்கையை எடுத்து உடம்போடு சேர்க்கப் போனேன். கையிலிருந்து நழுவியது. தரையில் விழுந்து தூளாகிவிட்டது. நல்ல கட்டையாக இருந்தால் அப்படிச் சிதறாது. ஒன்றிரண்டு உடையும், அவ்வளவுதான்.

செசிலி ஓடி வந்து தரையில் உட்கார்ந்து பொறுக்கினாள். நானும் குனிந்தேன். நீங்கள் இருங்கள் என்றாள்.

ஜூன் 14, வெள்ளி

மதிப்புரையைப் போட்டுவிட்டேன். பத்துக்கு நான்கு. அறுபத்து நான்கு மதிப்புரைகளில் இதுதான் குறைந்த மதிப்பெண். பிடிப்பைப் பற்றி எழுதிய பத்தியை இங்கே ஒட்டிவைக்கிறேன்:

"வடிவம் நேர்த்தி. யோசனை அருமை. ஆனால் கட்டைகள் ஒன்றையொன்று பற்றவில்லை. எஞ்சின் கூடு மூன்று முறை கழன்றது. இறக்கை ஒரு சிறு அசைவில் சிதறியது. முப்பத்தாறு வருடம் விமானப் பராமரிப்பில் இருந்தவன் சொல்கிறேன்: பூட்டு சரியில்லாத பொருள் எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை. இந்தக் கம்பெனி அச்சைச் சரிசெய்யும் வரை வாசகர்கள் பொறுத்திருப்பது நல்லது."

எழுதும்போது எனக்கே வருத்தமாக இருந்தது. என் அவ்ரோ. ஆனால் மதிப்புரை என்றால் உள்ளதைச் சொல்ல வேண்டும்.

ஜூன் 17, திங்கள்

பின்னூட்டங்கள் குவிகின்றன. தைரியமாகச் சொன்னதற்கு நன்றி என்று பத்துப் பேராவது எழுதியிருக்கிறார்கள். பின்னூட்டம் போட்டவர்களில் பெட்டியை வாங்கியவர்கள் இரண்டே பேர். அந்த இருவருமே தங்களுக்குக் கட்டைகள் நன்றாகப் பொருந்தின என்கிறார்கள். வேறு வேறு தொகுதியாக இருக்கும் என்று பதில் எழுதினேன்.

இரவுச் சாப்பாட்டின்போது செசிலி, கட்டைதான் காரணம் என்று நிச்சயமாகத் தெரியுமா என்று கேட்டாள். எத்தனை வருடமாக இதைச் செய்கிறேன் என்று கேட்டேன். அவள் ரசத்தை எடுத்து என் தட்டில் அவளே ஊற்றினாள்.

ஜூன் 18, செவ்வாய்

சவரம் செய்யும்போது இன்னும் ஒரு கீறல். பிளேடு மாற்ற வேண்டும்.

ஜூன் 24, திங்கள்

சிட்டு பிளாக்ஸ் நடத்தும் பெண்ணிடமிருந்து மின்னஞ்சல். பெயர் தமயந்தி. சண்டைக்கு வருவாள் என்று நினைத்துத்தான் திறந்தேன். சண்டை இல்லை.

நான் அவ்ரோவைப் பற்றி வலைத்தளத்தில் எழுதிய பதினோரு கட்டுரைகளையும் அச்செடுத்து மேசையில் வைத்துக்கொண்டுதான் இந்த மாடலை வடிவமைத்ததாக எழுதியிருக்கிறாள். இறக்கை எவ்வளவு மேல்நோக்கிச் சாயும், கதவு எந்தப் பக்கம் திறக்கும், சக்கரம் எப்படி முன்பக்கமாக மடங்கும் என்பதெல்லாம் என் கட்டுரைகளிலிருந்து எடுத்தது. முதல் பெட்டியை எனக்கு அனுப்பியதற்கும் அதுதான் காரணமாம். கழன்று விழுந்த கட்டைகளைத் திருப்பி அனுப்ப முடியுமா, அளந்து பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தாள்.

மோசமான பன்னிரண்டு கட்டைகளைப் பொறுக்கி எடுத்தேன். உறைக்குள் போட்டு ஒட்டிக் கொடுத்தது செசிலி.

ஜூலை 1, திங்கள்

பதில் வந்துவிட்டது. பன்னிரண்டையும் அளந்துவிட்டார்களாம். தலைமுடியில் பாதி அளவுகூட வித்தியாசமில்லை. அளவெடுத்த தாளையும் இணைத்திருக்கிறாள். இருந்தாலும் நான் சொல்லிவிட்டதால் சந்தேகத்தை வைத்துக்கொள்ள விரும்பாமல் இயந்திரத்தை நிறுத்தி அச்சைக் கழற்றிச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்களாம். அங்கே வேலை பார்க்கும் நான்கு பெண்களும் நாலைந்து நாளாக வீட்டில் இருக்கிறார்கள்.

கடைசி வரியில் இன்னொன்று. ஒரு விமானக் காட்சியகத்தின் கடையில் முந்நூறு பெட்டிகள் வைப்பதாகப் பேசி முடித்திருந்ததாம். என் மதிப்புரையைப் படித்துவிட்டு அவர்கள் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். "உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை" என்று எழுதியிருந்தாள்.

குறை சொல்வதற்காக இல்லையென்றால் பின் எதற்கு எழுதுகிறாள்? அளவு தாளெல்லாம் எனக்குத் தெரியும். தாளில் சரியாக இருப்பதும் கையில் சரியாக இருப்பதும் வேறு.

ஜூலை 5, வெள்ளி

இதை எழுதலாமா வேண்டாமா என்று காலையிலிருந்து யோசிக்கிறேன். எழுதிவிடுகிறேன்.

பத்து மணிக்குக் கோவையிலிருந்து சின்னப் பொட்டலம் வந்தது. இரண்டு பைகள். ஒன்றில் நான் அனுப்பிய அதே பன்னிரண்டு கட்டைகள். இன்னொன்றில் புதிதாகப் பன்னிரண்டு. இரண்டையும் போட்டுப் பாருங்கள் சார் என்று ஒரு சீட்டு.

புதிய பையை எடுத்தேன். வட்டக் கட்டையை எஞ்சின் கூட்டின் மேல் வைத்து அழுத்தினேன். உட்காரவில்லை. மறுபடி வைத்தேன். சாய்ந்தது. மூன்றாவது தடவை விரலுக்கும் கட்டைக்கும் நடுவிலிருந்து தெறித்துப் போய் சோபாவுக்கு அடியில் விழுந்தது. "இதுவும் அப்படித்தான்" என்று சத்தமாகச் சொன்னேன்.

செசிலி கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள். எழுந்து வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். கையை முந்தானையில் துடைத்துவிட்டு, அந்தப் பெண் திருப்பி அனுப்பிய பழைய பையைப் பிரித்தாள். ஒரு கட்டையை எடுத்து வைத்து, கட்டைவிரலால் ஒரு அழுத்து. டக்கென்று சத்தம் வந்தது. அடுத்தது. டக். பன்னிரண்டையும் வைத்தாள். அவள் வாழ்நாளில் இதற்கு முன் இந்தக் கட்டைகளைத் தொட்டதில்லை. எஞ்சின் கூட்டைத் தூக்கித் தலைகீழாகப் பிடித்து ஆட்டிக் காட்டினாள். ஒன்றுகூட விழவில்லை.

அவள் என் வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். அப்போதுதான் அது ஆடுவது எனக்குத் தெரிந்தது. அவளுடைய வளையலில் பட்டு மெல்லிய சத்தம் வந்தது.

"பொங்கலுக்கு முன்னாடியே பாத்துட்டேங்க" என்றாள். "டாக்டர்கிட்ட ரெண்டு தடவ சீட்டு வாங்கி, ரெண்டு தடவையும் வேணாம்னு சொல்லிட்டேன்."

"ஏன்?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

அரை டம்ளர் காபியைப் பற்றிக் கேட்டேன். முழு டம்ளர் கொடுத்தால் சட்டையில் சிந்திக்கொள்கிறீர்கள், சிந்தினால் அன்று முழுவதும் யாரிடமும் பேச மாட்டீர்கள் என்றாள்.

ஜூலை 6, சனி

எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 7, ஞாயிறு

சர்ச்சுக்குப் பூசைக்குப் போய் வந்தோம். சாமியார் என்ன பேசினார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நான் 1985-இல் இருந்தேன்.

அப்போது வேறு ஊர் நிலையத்தில் இருந்தேன். வயது இருபத்தெட்டு. அவ்ரோவின் முன் சக்கரக் குழிக்குள் ஒரு வேலை. முடித்து, லாக் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓரமாக வந்து நின்றேன். பயணிகள் ஏறிவிட்டார்கள். படிக்கட்டை எடுத்துவிட்டார்கள். இரண்டு எஞ்சினும் ஓட ஆரம்பித்துவிட்டன. அந்த நேரத்தில் சும்மா கையைத் துடைத்துக்கொண்டே கருவிப் பெட்டியைப் பார்த்தேன். டார்ச் இல்லை.

குழிக்குள் விட்டுவிட்டேனா? தெரியவில்லை. விட்டிருந்தால் சக்கரம் மடங்கும்போது சிக்கும். கையெழுத்துப் போட்டவன் நான். ஓடிப்போய் விமானத்தின் முகத்துக்கு நேரே நின்று இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காகப் பிடித்தேன். எஞ்சினை நிறுத்து என்பதற்கு அதுதான் அடையாளம். கேப்டன் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து என்னை முறைத்தார். நான் கையை இறக்கவில்லை. கூச்சல் இறங்கி இறங்கி நின்றது.

நாற்பது பேர் வெயிலில் இறங்கி நின்றார்கள். ஒரு அம்மா குழந்தைக்கு முந்தானையால் நிழல் பிடித்துக்கொண்டே என்னைத் திட்டினார். ஒன்றரை மணி நேரம் தேடினோம். குழியில் எதுவும் இல்லை. டார்ச் பட்டறை அலமாரியில் இருந்தது. நானே வைத்திருந்தேன்.

எனக்கு மெமோ கொடுத்தார்கள். அன்று முழுவதும் என்னைப் பார்த்தவர்களெல்லாம் டார்ச் அடிப்பதுபோல் கையைக் காட்டினார்கள். ஆனால் கேப்டன் மறுபடி ஏறுவதற்கு முன் என்னிடம் வந்து, நாளைக்கும் சந்தேகம் வந்தால் நிறுத்து என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். அந்தச் சொல் எனக்கு முப்பது வருடம் போதுமானதாக இருந்தது.

அன்று கையைக் குறுக்கே பிடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. இந்தத் தடவை மூன்று வாரம் ஆகிவிட்டது. வாங்கிய இரண்டு பேரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். அளந்த தாள் வந்தது. செசிலி கேட்டாள். நான் பார்க்காமல் இல்லை. பார்த்தேன்.

ஜூலை 9, செவ்வாய்

டாக்டரிடம் போனோம். சின்ன வயதுப் பெண். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வேகமாகத் தட்டச் சொன்னார். நடந்து காட்டச் சொன்னார். ஒரு தாளைக் கொடுத்துச் சுருள் வரையச் சொன்னார். நடுவிலிருந்து ஆரம்பித்து வெளியே போக வேண்டும். என்னுடையது வெளியே போகவே இல்லை.

வாசனை தெரிகிறதா என்று கேட்டார். இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். சம்பந்தம் இருக்கிறது என்றார். மேசையில் இருந்த காபித்தூள் டப்பாவை மூக்குக்கு நேரே திறந்து பிடித்தார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. செசிலி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நோயின் பெயரைச் சொன்னார். குணமாகாது, ஆனால் மாத்திரையால் நன்றாகச் சமாளிக்கலாம், பல வருடம் பயமில்லை என்றார். பெயரை இங்கே எழுதவில்லை.

ஜூலை 10, புதன்

மதிப்புரையைத் திரும்பப் பெற வேண்டும். முதலில் சும்மா அழித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். பிறகு, "தனிப்பட்ட காரணங்களால் இந்த மதிப்புரை நீக்கப்படுகிறது" என்று எழுதி செசிலியிடம் காட்டினேன்.

"இதப் படிச்சா அந்தப் பொண்ணு மேல இருக்கற பழி போகுமா?" என்று கேட்டாள்.

போகாது. கம்பெனிக்காரி கெஞ்சிக் கேட்டிருப்பாள், இவர் இரக்கப்பட்டு எடுத்துவிட்டார் என்றுதான் நினைப்பார்கள். அழித்தேன். நான்கு முறை எழுதி நான்கு முறை அழித்தேன். ஐந்தாவது இது:

"சிட்டு பிளாக்ஸ் அவ்ரோ மாடலுக்கு ஜூன் 14 அன்று நான் எழுதிய மதிப்புரை தவறு. கட்டைகளில் குறை இல்லை. என் கையில்தான் குறை. எனக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பது நேற்று உறுதியானது. கை நடுங்குகிறது; விரலுக்கு அழுத்தம் போதவில்லை. அது தெரியும் முன் எழுதிவிட்டேன் என்று சொன்னால் பாதி உண்மைதான். சந்தேகப்படக் காரணங்கள் என் முன்னாலேயே இருந்தன. நான் பார்க்க விரும்பவில்லை. என் சொல்லை நம்பி இந்தப் பெட்டியை வாங்காமல் விட்டவர்களிடமும், இதைச் செய்தவர்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். பழைய மதிப்புரையை அழிக்கவில்லை. அதன் தலையில் இதை ஒட்டியிருக்கிறேன். இரண்டையும் படியுங்கள்."

மாலை ஐந்து மணிக்குப் போட்டேன். காட்சியகத்துக் கடைக்கும் இதையே அனுப்பினேன். பிறகு கணினியை மூடிவிட்டு மாடிக்குப் போய் நின்றேன். கொழும்பு விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஊரில் யார் யாரெல்லாம் என் தளத்தைப் படிக்கிறார்கள் என்று அதுவரை யோசித்ததே இல்லை.

ஜூலை 11, வியாழன்

தமயந்தியைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். எழுத்தில் கேட்டால் மட்டும் போதாது என்று தோன்றியது.

பேர் சொன்னதும் நேற்றே படித்துவிட்டதாகச் சொன்னாள். மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்று சொல்லிவிடுவாள், அதோடு முடிந்துவிடும் என்று ஓர் ஆசை எனக்குள் இருந்திருக்க வேண்டும். அவள் அப்படிச் சொல்லவில்லை.

"கோவம் வந்துச்சுங்க சார். இன்னும் முழுசாப் போகலைங்க" என்றாள். "யாரோ எழுதியிருந்தா விட்டிருப்பேன். நீங்க எழுதுனதுனாலதானுங்க மிசினையே நிறுத்துனேன்."

காட்சியகத்துக்காரர்கள் வேறு கம்பெனியிடம் வாங்கிவிட்டார்களாம். என் கடிதம் போய்ச் சேர்ந்திருக்கிறது. அடுத்த வருடம் பார்க்கலாம் என்று பதில் சொல்லியிருக்கிறார்கள். அச்சு சோதனையிலிருந்து திரும்பி வந்துவிட்டது. நான்கு பெண்களும் திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வருகிறார்கள்.

நான் என்ன செய்ய முடியும் என்று கேட்டேன். மறுபடி கட்டிப் பார்த்து மறுபடி எழுதுங்கள் என்றாள். என்னால் முன்போல் கட்ட முடியாது, மனைவி கை கொடுத்தால்தான் உண்டு என்றேன். அப்படியே செய்யுங்கள் என்றாள். போனை வைப்பதற்கு முன் ஒன்று சொன்னாள்.

"பாவம் பாத்து மார்க் போட்டுடாதீங்க சார். அதுக்கு அந்த நாலு மார்க்கே மேலுங்க."

ஜூலை 15, திங்கள்

வலைத்தளத்தில் நூற்றுக்கும் மேல் பின்னூட்டம். எல்லாம் அன்பாகத்தான் இருக்கின்றன. ஒருவர் மட்டும், இதற்கு முன் போட்ட மதிப்புரைகளை எப்படி நம்புவது என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. கடந்த ஒரு வருடத்தில் பிடிப்புக்கு மதிப்பெண் குறைத்த ஆறு மாடல்களையும் பட்டியல் போட்டு, அவற்றையும் சந்தேகத்தோடு படிக்கும்படி எழுதினேன். அந்த ஆறையும் எடுத்துப் பார்த்தபோது எப்போது ஆரம்பித்தது என்று ஓரளவு தெரிந்தது. போன வருடம் செப்டம்பர்.

மாத்திரை ஆரம்பித்து நான்கு நாள். வாயில் கசப்பு.

ஜூலை 22, திங்கள்

முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டோம். தினமும் காலை மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து உட்காருகிறோம். நான் கட்டையைத் தேடி எடுத்துக் கொடுக்கிறேன். எங்கே வைக்க வேண்டும் என்று சொல்கிறேன். அவள் வைக்கிறாள். பெரிய கட்டைகளை நானே வைக்கிறேன்.

அவளுக்குப் பொறுமை இல்லை. படம் பார்க்காமல் அடுத்ததை ஊகித்து வைத்துவிடுகிறாள். தப்பாக வைத்துவிட்டு, அதனால் என்ன, நன்றாகத்தானே இருக்கிறது என்கிறாள். விமானத்தில் அப்படிச் சொல்ல முடியாது என்று சொல்லிப் பார்த்தேன். இது விமானமா என்று கேட்கிறாள்.

நடுவில் ஒரு கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த ஜன்னல் வரிசையில் நம் இருக்கை எது என்று கேட்டாள். கல்யாணம் ஆன புதிதில் ஊழியர் சலுகைச் சீட்டில் சென்னைக்கு ஒருமுறை போனோம். அவள் முதல் தடவை விமானத்தில் ஏறியது அன்றுதான். அத்தனை நாள் ஊரையெல்லாம் ஏற்றிவிட்டவள். இடப்பக்கம் நான்காவது ஜன்னல் என்று காட்டினேன். ஐந்தாவது என்றாள். இறக்கை மறைத்தது என்று நான் சொன்னேன். இறக்கை மறைக்கவில்லை, கொள்ளிடம் முழுவதும் தெரிந்தது என்று அவள் சொன்னாள். அரை மணி நேரம் கட்டை எதுவும் நகரவில்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

இதை எழுதுவது செசிலி. இன்று காலையிலிருந்து வேலை செய்ததில் கை களைத்துவிட்டது என்று அவர் சொல்ல, நான் எழுதுகிறேன்.

அவ்ரோ முடிந்தது. இனி அவர் சொல்வது:

இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. கட்டைகள் எல்லாம் உறுதியாக நிற்கின்றன. இறக்கையைப் பிடித்து முழு விமானத்தையும் தூக்கினோம், அசையவில்லை. புதிய மதிப்புரையை எழுதிவிட்டோம். வடிவத்துக்கும் பிடிப்புக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வால் ஒரு வரிசை குட்டை. உண்மையான அவ்ரோவின் வால் இன்னும் உயரம். அதற்கு ஒன்றரை மதிப்பெண் குறைத்திருக்கிறேன். பத்துக்கு எட்டரை. பிடிப்புக்கான மதிப்பெண்ணை நான் போடவில்லை. அது என் விரல் சொல்ல வேண்டியது இல்லை. அதைப் போட்டது செசிலி, அதையும் மதிப்புரையில் சொல்லியிருக்கிறேன்.

தமயந்திக்கு அனுப்பினோம். வால் குட்டைதான், அவளுக்கும் அது உறுத்தியதாம், அடுத்த தொகுதியில் ஒரு வரிசை கூட்டிவிடுவதாகப் பதில் எழுதியிருக்கிறாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

வலது சக்கரக் கதவு கொஞ்சம் கோணலாக இருக்கிறது. அது செசிலி வைத்தது.

(நேராகத்தான் இருக்கிறது. - செ.)

இதற்கு அடுத்து அவர் ஒரு வரி சொன்னார். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதை நான் இங்கே எழுதவில்லை. அது நோட்டுக்குச் சொன்னது இல்லை, எனக்குச் சொன்னது.